மலேசியா, சுங்கை சிப்புட் பக்கம் வீட்டுத்தோட்டம்: புதிதாக வந்தவர்களுக்கு

ஊரிலிருந்து வந்தவர்கள் நவம்பர் பிறந்ததும் கேட்பது ஒன்றுதான்: குளிர்காலம் வருதே, கேரட், காலிஃபிளவர் போடலாமா? போடாதீர்கள். இங்கே மார்கழியிலும் பகலில் 30 டிகிரி அடிக்கும். அந்தக் காயெல்லாம் சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிற கேமரன் மலையிலிருந்து லோரியில் இறங்குவது, பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், வாங்கிக்கொள்ளுங்கள்.

நமக்கு அந்த மாதங்கள் மழைக்காலம், அவ்வளவுதான். அக்டோபர், நவம்பரில் மதியத்துக்கு மேல் கொட்டோ கொட்டென்று கொட்டும். ஆடிப்பட்டம், தைப்பட்டக் கணக்கை மூட்டை கட்டிவிட்டு, வேரில் தண்ணீர் நிற்காமல் ஒரு சாண் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போடுங்கள். மண்ணில் புளிப்பு அதிகம் என்பதால் டோலமைட் என்கிற சுண்ணாம்புக்கல் தூளைக் கலந்து இரண்டு வாரம் ஆறப் போட்டபிறகு நடலாம்.

கங்கோங் என்கிற தண்ணீர்க் கீரைதான் முதலில். சந்தையில் வாங்கிய கட்டில் இலையைக் கிள்ளிச் சமைத்துவிட்டு, கணு இருக்கிற தண்டை ஈர மண்ணில் குத்தினால் போதும், இந்த மழை அதற்குக் கொண்டாட்டம். பயற்றங்காய், வெண்டையும் வரும்.

கத்தரி, தக்காளி கொஞ்சம் தகராறு. காலையில் நன்றாக நின்ற செடி மதியம் இலை பச்சையாகவே துவண்டு தொங்கும், தண்ணீர் ஊற்றினாலும் உரம் போட்டாலும் எழாது. அடித்தண்டை வெட்டி, ஒரு கிளாஸ் தண்ணீரில் நுனி படும்படி பிடித்துப் பாருங்கள். வெட்டிலிருந்து புகை மாதிரி வெள்ளையாக இழை இழையாக இறங்கினால் அது பாக்டீரியா வாடல். மருந்துக்கடைக்கு ஓடிப் பிரயோசனமில்லை. வேரோடு பிடுங்கிக் குப்பையில் போடுங்கள், அந்த மண்ணில் மறுபடி கத்தரியோ தக்காளியோ மிளகாயோ வேண்டாம். அடுத்த முறை பாலிபேக்கில் (செடி வளர்க்கிற பிளாஸ்டிக் பை) புது மண் போட்டுக் கூரை ஓரமாக வைத்தால் பிழைக்கும்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கிற பழக்கம் இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அதில் கொசுப்புழு இருந்தால், டிங்கிக் காய்ச்சல் வருவது ஒரு பக்கம், சுகாதாரத் துறைக்காரர்கள் வந்து பார்த்தால் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் எழுதுவார்கள்.

அப்புறம், ஊரிலிருந்து அம்மா விதைப் பொட்டலம் கொடுத்துவிட்டால் ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் இறக்குமதி அனுமதி இல்லாமல் பெட்டியில் வைக்காதீர்கள். நாட்டு வெண்டை, கீரை விதையெல்லாம் இங்கேயே உரக்கடையில் கிடைக்கும். எஸ்டேட்டில் தெரிந்தவர் இருந்தால் செம்பனை வெற்றுக்குலை (எண்ணெய்க்குப் பழம் உதிர்த்த பிறகு மிஞ்சும் குலை) கேட்டு வாங்கி, செடியைச் சுற்றி மண்மேல் மூடாக்குப் போடலாம், மழையில் மண் கரையாது. மெல்லிசாகப் பரப்புங்கள், குவியலாகக் கிடந்தால் தென்னை, செம்பனையைக் குடைகிற காண்டாமிருக வண்டு முட்டையிடும்.