டவுன் பார்க்கில் நமக்கு என்ன பெருமை?

நானுஓயாக்காரன்:
நேற்று ஒரு நண்பர் நுவரெலியா விக்டோரியா பூங்காவின் படங்களைப் போட்டு, 'நம்ம மலையகத்தின் (இலங்கையின் தேயிலை மலைநாட்டின்) பெருமை' என்று எழுதியிருந்தார். என்ன பெருமை என்று கேட்டேன், கோபித்துக்கொண்டார். சரி, இங்கே கேட்கிறேன். ஹக்கலை தாவரவியல் பூங்காவின் பரிசோதனை நிலமாகக் கிடந்த இடம் அது. விக்டோரியா மகாராணி ஆட்சிக்கு வந்து 60 வருஷம் ஆனதைக் கொண்டாட, 1897இல் அவர் பெயரை வைத்தார்கள். நம்ம பாட்டன்மார் பத்துக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டின் ஒற்றை அறையில், குடும்பத்தோடு முடங்கிக் கிடந்த காலத்தில், வெள்ளைக்காரத் துரைமாரும் அவர்கள் வீட்டுத் துரைசாணிமாரும் காற்று வாங்க 27 ஏக்கர்!

கண்டி டவுனில் ஒரு நீரூற்று நிற்கிறதே, பார்த்திருக்கிறீர்களா? 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் வந்த ஞாபகமாகக் கோப்பித் தோட்டக்காரர்கள் வைத்தது. அந்தக் கோப்பிக் காசு யாருடையது? தமிழ்நாட்டிலிருந்து கூலி வேலைக்கு வந்து, மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டுப் பாதையில் மாத்தளை வரை நடந்து, வாந்திபேதியில் செத்தவர்கள் போக மிஞ்சினவர்களுடையது. அதில் அவர்களைப் பற்றி ஓர் எழுத்து இல்லை.

கண்டி கடைவீதி:
அண்ணே, பூங்காக் கதையை வெள்ளைக்காரனிடமிருந்தே ஏன் தொடங்குகிறீர்கள்? கண்டி ஏரியை 1807இல் வயலை மறித்துக் கட்டியது கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். தென்னிந்தியாவிலிருந்து வந்த நாயக்க வம்சம், கண்ணுசாமி என்று பெயர். ஏரிக்கு மேலே இருக்கிற சின்னப் பூங்காவுக்கே அரண்மனைப் பூங்கா என்று ஒரு பெயர் உண்டு. நமக்கும் அதில் பங்கு இருக்கிறது.

ஓய்வு வாத்தியார்:
தம்பி, கண்ணுசாமி என்று பெயர் இருந்தால் பங்கு வந்துவிடுமா? அந்த ஏரி ராஜகாரியத்தில், ராஜாவுக்குச் செய்கிற கட்டாய வேலையில், வெட்டியது. கூலி கிடையாது, வரமாட்டேன் என்று சொல்லவும் முடியாது. 1815இல் கண்டி வெள்ளைக்காரனிடம் விழுந்தபோது சொந்தப் பிரதானிகளே ராஜாவைக் கைவிட்டார்கள். துரைக்கும் ராஜாவுக்கும் நடுவில் மண் சுமந்தவனுக்கு என்ன பெரிய வித்தியாசம்?

நீங்கள் சொல்லும் மேட்டுப் பூங்காவைச் சிலர் வேல்ஸ் பார்க் என்பார்கள், சிலர் வேஸ் பார்க் என்பார்கள். வேஸ் என்பவர் இங்கே அரசாங்க அதிபராக இருந்தவர். அங்கே நிற்பதோ ஜப்பான்காரனின் பீரங்கி! இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் பிடித்ததை, நேச நாட்டுப் படைத் தளபதி மவுண்ட்பேட்டன் கண்டிக்குக் கொடுத்தார். 1944இல் அவருடைய தலைமையகம் பேராதனைப் பூங்காவில் இருந்தது, அந்த உறவு. ராஜா, துரை, ஜப்பான் எல்லாம் ஒரே மேட்டில். போன தடவை நான் போனபோது ஒரு பையன் பீரங்கிக் குழாய்க்குள் ஐஸ்கிரீம் குச்சியைச் செருகிக்கொண்டிருந்தான். அதைவிட நல்ல உபயோகம் எனக்குத் தெரியவில்லை.

ராகலை ராணி:
நானுஓயா அண்ணன் சொல்கிற கணக்கு சரிதான். ஆனால் பெருமைப்பட ஒன்றுமே இல்லை என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எங்கள் அம்மாயி வருஷத்தில் ஒரு தடவைதான் விக்டோரியா பார்க்குக்கு வருவார், அதுவும் வசந்த காலத்தில். வாசலைத் தாண்டியதும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வார். நாங்கள் பூவைப் பார்ப்போம். அவர் பூவையே பார்க்க மாட்டார். பாத்தி ஓரத்தில் குனிந்து, தண்ணீர் ஓடும் கான் வெட்டியிருக்கிற வாட்டத்தைப் பார்ப்பார். வேலிச் செடியை விரலால் தடவி, "கவ்வாத்து பழகின கை" என்பார். தேயிலைச் செடியை வெட்டிச் சீர்செய்வதுதான் கவ்வாத்து. ஒரு தடவை ரோஜாப் பாத்தி முன்னால் நின்று, "இந்தப் புல்லு எடுக்க எத்தனை பேர் போட்டிருப்பான்?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற கொழும்புக்காரர்களுக்கு விளங்கவில்லை. நமக்கு விளங்கும், பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். கொழுந்து குறைந்தால் அரைப் பேர். மகாராணி பெயரில் இருக்கிற பார்க்கை அம்மாயி எங்கள் ஆட்களின் வேலையாகத்தான் பார்த்தார். அதில் அவருக்கு ஒரு திருப்தி இருந்தது. அந்தத் திருப்தியை வேண்டாம் என்று சொல்ல நீங்கள் யார் அண்ணே?

நானுஓயாக்காரன்:
தங்கச்சி, அம்மாயியைப் பற்றி வாசித்துக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். ஆனால் அவர் செருப்பைக் கழற்றினாரே, அது ஏன்? கோயில் என்றா, துரை பங்களா என்றா? அதைத்தான் நான் கேட்கிறேன். இன்னொன்று. தோட்டம் என்ற சொல்லைப் பாருங்கள். தமிழ்நாட்டில் அதற்குப் பூந்தோட்டம் என்று பொருள் வரும். இங்கே தோட்டம் என்றால் வேலை, பிரட்டு (காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பது), லயம். அதனால்தான் டவுனில் இருப்பதைத் தோட்டம் என்று யாரும் சொல்வதில்லை, பார்க் என்கிறோம். சொல்லே பிரிந்து கிடக்கிறது.

ஓய்வு வாத்தியார்:
நல்ல கேள்வி. அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் பெயர்ப் பலகையை வைத்தே எல்லாவற்றையும் தள்ளுகிறீர்களே, ஒரு பெயரைப் பாருங்கள். கண்டி நடுவில் ஜோர்ஜ் ஈ. டி சில்வா பூங்கா. நம்மில் பலர் பஸ் பிடிக்கிற அவசரத்தில் தாண்டிப் போவோம். யார் அவர்? கண்டி வழக்கறிஞர், அரசியல்வாதி. அவர் மனைவி அக்னஸ் டி சில்வா பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியவர். இலங்கையின் அரசியலமைப்பை மாற்றுவதை ஆராய லண்டனிலிருந்து வந்த டொனமூர் ஆணைக்குழு முன்னால் போனபோது, தோட்டத்தில் வேலை செய்கிற இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று கேட்டார்கள். நிச்சயமாக, அவர்களும் பெண்கள்தானே என்றார். 1931இல் சர்வஜன வாக்குரிமை வந்தது. தோட்டத்து ஆட்கள் எல்லோருக்கும் முழுசாகக் கிடைக்கவில்லை, அது வேறு கதை. கிடைத்ததையும் 1948, 49 குடியுரிமை, வாக்குரிமைச் சட்டங்களில் பறித்தார்கள். ஆனால் ராகலை ராணியின் அம்மாயிக்காக அந்த அம்மா அன்றைக்கு வாய் திறந்தார்.

கண்டி கடைவீதி:
சேர், பலகையில் இருப்பது புருஷன் பெயர்தானே!

ஓய்வு வாத்தியார்:
அது உண்மை. அங்கே மாட்டிக்கொண்டேன்.

ஆறுமணிக் குருவி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் குருவி பார்க்கிற ஆள். நீங்கள் எல்லோரும் பெயருக்குச் சண்டை பிடிக்கிறீர்கள். விக்டோரியா பார்க்கில் பனிக்காலத்தில் காஷ்மீர் ஈப்பிடிப்பான் வந்து தங்குகிறது. இமயமலைப் பக்கத்திலிருந்து இவ்வளவு தூரம். அதைத் தேடி வெளிநாட்டவர்கள் பெரிய கமெராவோடு வந்து நிற்பது ரோஜாப் பாத்தியில் இல்லை, பின்பக்க ஓடைக்கரையில். அங்கே பிளாஸ்டிக் போத்தல் மிதக்கிறது, யோகட் கோப்பை மிதக்கிறது. யாருடைய பார்க் என்று முடிவு செய்துவிட்டு அந்த ஓடையையும் கொஞ்சம் பாருங்கள்.

ராகலை ராணி:
அது நியாயம். அப்புறம் டிக்கெட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. வெளிநாட்டவருக்கு ஒரு விலை, நமக்கு ஒரு விலை, சரி. ஆனால் அம்மா, அப்பா, மூன்று பிள்ளைகள், கூட வருகிற அப்பாயி என்று தோட்டத்துக் குடும்பம் ஒன்று சம்பள வாரத்தில் டவுனுக்கு வந்தால், பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் போக டிக்கெட்டுக்கு எங்கே போவது? வேறு ஒரு ஊரில் டிக்கெட் இல்லாத பூங்காவிலேயே, ரொட்டிப் பார்சலைப் பிரித்தோம் என்று காவல்காரர் எங்களை எழுப்பிவிட்டார். பக்கத்து பெஞ்சில் கேக் சாப்பிட்டவர்களை ஒன்றும் சொல்லவில்லை.

நானுஓயாக்காரன்:
இதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன்!

ராகலை ராணி:
இல்லை அண்ணே. பெருமைப்படாதே என்று நீங்கள் சொன்னீர்கள். எழுப்பாதே என்று நான் சொல்கிறேன். அன்றைக்கு நாங்கள் அடுத்த பெஞ்சுக்குப் போய் மிச்ச ரொட்டியையும் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தோம்.