டைக்ளோஃபெனாக் சேர்த்ததும் ஜெல் இளகிவிடுகிறது: காரணம் என்ன?

கேள்வி (பி.பார்ம் மாணவர், நாகர்கோவில்):
வணக்கம். ஜெல்லைத் தடிக்கச் செய்யும் கார்போபால் 940 என்ற கார்போமர் பொடியை 0.5 சதவீத அளவில் இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து, டிரைஎத்தனோலமைன் என்ற காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டபோது, கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத ஜெல் கிடைத்தது. அதில் 1 சதவீதம் டைக்ளோஃபெனாக் சோடியம் என்ற வலி நிவாரண மருந்தைக் கரைத்துச் சேர்த்த சில நிமிடங்களில் அது கஞ்சித்தண்ணீர் போல ஆகிவிட்டது. மேலும் டிரைஎத்தனோலமைன் சேர்த்தும் பயனில்லை. என் செய்முறையில் பிழையா, மருந்தின் இயல்பே இதுவா?

பதில் (மருந்தாக்கவியல் ஆசிரியர், மார்த்தாண்டம்):
தம்பி, பிழை உங்களுடையதன்று. நீங்கள் சேர்த்த மருந்து ஓர் உப்பு. காரம் சேர்ந்ததும் கார்போமர் இழைகளிலுள்ள கார்பாக்சில் என்ற அமிலத் தொகுதிகள் எதிர்மின்னேற்றம் பெற்று, ஒன்றையொன்று விலக்கி, சுருண்டிருந்த இழைகளை விரியச் செய்வதால்தான் ஜெல் தடிக்கிறது. சோடியம் அயனிகள் வந்ததும் அந்த மின்னேற்றம் மறைக்கப்பட்டு, விலக்கம் குறைந்து, இழைகள் மீண்டும் சுருங்கிவிடுகின்றன. தேவைக்கு மிஞ்சிய டிரைஎத்தனோலமைனும் அயனிகளையே கூட்டும் என்பதால், அதை மேலும் ஊற்றியது நிலைமையை மோசமாக்கியிருக்கும். பி.எச். (அமில-கார அளவு) 6 முதல் 7.5 வரை வந்ததும் நிறுத்திவிடுங்கள். கார்போமரை 1 சதவீதமாக உயர்த்திப் பாருங்கள். காரம் சேர்க்கும் முன்னரே மருந்தைப் போட்டுவிடலாம் என்று மட்டும் எண்ணாதீர்கள். கார்போமர் கலவை அமிலத்தன்மை கொண்டது, அதில் டைக்ளோஃபெனாக் படிந்து வெண்துகள்களாகப் பிரிந்துவிடும்.

பதில் (மருந்தாளுநர், குளச்சல்):
எந்த நீரைப் பயன்படுத்தினீர்கள் என்பதையும் சொல்லுங்கள். படிக்கும் காலத்தில், கடற்கரையை ஒட்டிய எங்கள் வீட்டுக் கிணற்று நீரில் மருந்தே இல்லாத வெறும் ஜெல்லைச் செய்தேன். அதுவே சரியாகத் திரளவில்லை. கால்சியம், மக்னீசியம் போன்ற இரட்டை மின்னேற்ற அயனிகள் சோடியத்தைவிடக் கடுமையாகப் பாதிக்கும். காய்ச்சி வடித்த நீரைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
காய்ச்சி வடித்த நீர்தான், ஐயா. கார்போமருக்குப் பதிலாக எச்.பி.எம்.சி. (ஹைட்ராக்சிபுரோப்பைல் மெத்தில்செல்லுலோஸ்) என்ற தடிப்பாக்கியைப் பயன்படுத்தினால் இந்தச் சிக்கல் நீங்குமா?

பதில் (மருந்தாக்கவியல் ஆசிரியர், மார்த்தாண்டம்):
பெருமளவு நீங்கும். அதற்கு மின்னேற்றம் கிடையாது. ஆகவே இந்த அளவு உப்பு அதைப் பெரிதாக அசைக்காது. எச்.பி.எம்.சி.யின் கே4எம் வகையை 2 முதல் 3 சதவீதம் எடுத்து, முதலில் ஏறத்தாழ 80 பாகை வெந்நீரில் தூவிக் கலக்கி, பிறகு குளிரவிடுங்கள். நேராகக் குளிர்ந்த நீரில் கொட்டினால் கட்டி கட்டும். மருந்தைப் புரோப்பிலீன் கிளைகாலில் கரைத்துச் சேர்ப்பது நல்லது. பாகுத்தன்மையை அன்றே அளக்காமல், 24 மணி நேரம் வைத்திருந்து, குமிழிகள் நீங்கிய பின், இரு ஜெல்களையும் பாகுமானியின் ஒரே சுழலி, ஒரே வேகம், ஒரே வெப்பநிலையில் அளந்து இங்கே எழுதுங்கள்.