சர்வருக்கு 8,900 ரூபாய், பில்லோ 45,430: மிச்சம் எங்கே போகிறது?

குரூப்-4 வாத்தியார்:
வணக்கம். அசோக் நகரில் ஒரு மாடியறையில் டிஎன்பிஎஸ்சி பயிற்சி வகுப்பு நடத்துகிறேன். ஞாயிறு காலை 10 முதல் 1 மணி வரை இணையத்தில் மாதிரித் தேர்வு. சுமார் 3,000 பேர் எழுதுகிறார்கள். கிளவுடில் எல்லாவற்றையும் அமைத்துக் கொடுத்தவன் என் அக்காள் மகன். இப்போது பெங்களூரில் வேலையில் இருக்கிறான். இரவு ஒன்பதுக்கு மேல்தான் போனை எடுப்பான்.

மாதம் 17,000 ரூபாயை ஒட்டி வந்துகொண்டிருந்த பில் இந்த முறை 45,430. கணக்குப் பார்க்கும் என் மனைவி, "இது யார் வீட்டு பில்?" என்று கேட்டாள். சர்வர் 8,900, வெளியே போகும் டேட்டா 15,800, 'நாட் கேட்வே' என்று ஏதோ ஒன்று 12,100, டிஸ்க் முதலியவை 1,700. மீதி 18 சதவீத ஜிஎஸ்டி. மாணவர்கள் கூடவில்லை. மூன்று ஆண்டு ஒப்பந்தம் போட்டால் 72 சதவீதம் வரை குறையும் என்கிறார் ஒரு விற்பனையாளர். கையெழுத்துப் போடலாமா?

தரமணி இரவுப்பணி:
ஐயா, பேனாவை மூடி வையுங்கள். அந்த 'வரை' என்பது தி.நகர் ஆடித் தள்ளுபடிப் பலகையில் பொடியெழுத்தில் இருக்குமே, அதே 'வரை'. தவிர, அந்தத் தள்ளுபடி சர்வர் வாடகைக்குத்தான். டேட்டாவுக்கும் நாட் கேட்வேக்கும் போகும் 27,900 ரூபாயை அது தொடவே தொடாது.

ஆன் டிமாண்ட் என்றால் ஓடிய நேரத்துக்குக் காசு. ஒப்பந்தம் என்றால் ஓடினாலும் ஓடாவிட்டாலும் காசு. ஸ்பாட் என்று மிக மலிவான ஒன்றும் உண்டு, யாரும் எடுக்காமல் மிச்சமிருக்கும் சர்வர். எழும்பூரில் ஏறி, யாரோ முன்பதிவு செய்த இடத்தில் உட்கார்ந்து வருவது மாதிரி. தாம்பரத்தில் உரியவர் ஏறினால் எழுந்துகொள்ள வேண்டியதுதான். அமேசான் கிளவுடில் இரண்டு நிமிட முன்னறிவிப்பு கொடுப்பார்கள். தேர்வு நேரத்தில் அதை நம்பாதீர்கள்.

இந்த மாதம் புதிதாக என்ன சேர்த்தீர்கள்?

குரூப்-4 வாத்தியார்:
விடை விளக்க வீடியோ. வாரம் ஒன்று, 150 எம்பி இருக்கும். கரும்பலகை முன் நான் நின்று பேசுவதுதான்.

தரமணி இரவுப்பணி:
அகப்பட்டது. 3,000 பேர் பார்த்தால் ஞாயிறுக்கு 450 ஜிபி, மாதத்துக்கு 1,800. உள்ளே ஏற்றுவதற்குக் காசு இல்லை. வெளியே அனுப்பும்போதுதான் மீட்டர் ஓடும். நீங்கள் நிறுவனத்தின் பெயரைச் சொல்லாததால் அமேசானின் மும்பைக் கட்டணத்தை வைத்துப் பார்க்கிறேன்: முதல் 100 ஜிபி போக, ஜிபிக்கு ஒன்பது ரூபாய்க்குச் சற்று மேல். உங்கள் 15,800 வந்துவிடுகிறது.

நாட் கேட்வே கதை இன்னும் மோசம். இணையத்துக்கு நேரே முகம் காட்டாமல் உள்ளே இருக்கும் சர்வர் வெளியே போய்வரும் வாசல் அது. சேமிப்பகத்தில் இருக்கும் வீடியோவை உங்கள் சர்வர் அந்த வாசல் வழியாக இழுத்து வந்து, பிறகு மாணவருக்கு அனுப்புகிறது. அடுத்த தெருவுக்குப் போகப் பரனூர் சுங்கச்சாவடியைச் சுற்றிக்கொண்டு போகிறீர்கள். வாசல் திறந்திருப்பதற்கே மாதம் 3,500 அளவில் ஆகும். கடக்கும் ஒவ்வொரு ஜிபிக்கும் தனிக் காசு.

சேமிப்பகத்துக்கு ஒரு கேட்வே எண்ட்பாயிண்ட், அதாவது உள்வழியாகவே போகும் நேர்பாதை, வைத்தால் அந்தச் சுங்கம் போய்விடும். அமேசானில் அதற்குக் கட்டணம் கிடையாது. அதைவிட நல்லது, சர்வரை நடுவிலிருந்து எடுத்துவிட்டு கிளவுட்ஃபிரண்ட் என்ற அமேசானின் கோப்பு விநியோகச் சேவை வழியாக நேரே கொடுப்பது. அங்கே மாதம் 1 டிபி (சுமார் 1,000 ஜிபி) வரை இலவசம்.

அம்பத்தூர் கணக்கர்:
கரும்பலகை வீடியோ எதற்கு 150 எம்பி? அசைவது உங்கள் கை ஒன்றுதானே. படத்தின் தெளிவை 480p அளவுக்குக் குறையுங்கள், மூன்றில் ஒரு பங்காகிவிடும்.

சர்வரையும் விட்டுவிடாதீர்கள். வாரத்தில் 168 மணி நேரம். உங்களுக்குப் பெரிய சர்வர் வேண்டியது ஞாயிறு காலை ஐந்தாறு மணி நேரம். மற்ற நேரத்துக்குச் சின்னது போதும். இரண்டு மாதம் அப்படி ஓட்டிவிட்டு, அந்தச் சின்னதுக்கு மட்டும் ஓராண்டு ஒப்பந்தம் போடலாம். பட்ஜெட் எச்சரிக்கையும் வையுங்கள். ஆனால் வெறும் எச்சரிக்கை தகவல் மட்டுமே அனுப்பும், தனியாக அமைத்தாலொழிய எதையும் நிறுத்தாது. கணக்கும் பல மணி நேரம் பிந்தித்தான் வரும்.

குரூப்-4 வாத்தியார்:
நேற்று இரவு மருமகனைப் பிடித்து உட்காரவைத்தேன். எண்ட்பாயிண்ட் வைத்துவிட்டான், கிளவுட்ஃபிரண்ட் இந்த வாரம். வீடியோவை 480-இல் மாற்றிப் பார்த்தோம், 46 எம்பி. தமிழும் வரலாறும் தெளிவாக இருக்கின்றன. கணக்கில்தான் பின்னங்களின் பகுதி எண் 6-ஆ 8-ஆ என்று எனக்கே தெரியவில்லை. அதை மட்டும் 720-இல் விட்டுவிட்டேன்.

மனைவியின் கேள்வி: சும்மா திறந்திருக்கும் வாசலுக்கு எதற்கு 3,500?

தரமணி இரவுப்பணி:
அம்மா சரியாகத்தான் கேட்கிறார்கள். ஒரே சர்வர்தான் என்றால் அதற்கு இணையத்திலிருந்து நேரே எட்டக்கூடிய பொது ஐபி முகவரி கொடுத்துவிட்டு நாட் கேட்வேயை எடுத்துவிடலாம். 2024 பிப்ரவரியிலிருந்து அமேசான் அதற்கும் மணிக்கு அரை சென்ட் வாங்குகிறது. மாதம் 300 ரூபாய்க்குச் சற்று மேல் வரும். ஆனால் சர்வர் நேரே தெருவைப் பார்த்து நிற்கும். எந்தெந்த போர்ட் (வெளியிலிருந்து இணைப்பு நுழையும் கதவு) திறந்திருக்கிறது என்று மருமகன் பார்த்துச் சொல்லும்வரை எடுக்க வேண்டாம்.