கல்லூரியில் பாலியல் வன்முறைத் தடுப்பு முகாம்: தேவையா, வீண் செலவா?

காளவாசல் குமார்:
எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் சங்கம், வசூலான பணத்தில் பாலியல் வன்முறைத் தடுப்பு முகாம் நடத்தப்போகிறது. உளவியல் பேராசிரியர் ஒருவர் வந்து இரண்டு மணி நேரம் பேசுவாராம். பேச்சைக் கேட்டா பொறுக்கி திருந்துவான்? அந்தக் காசுக்கு விடுதிப் பாதையில் விளக்குப் போடலாம். மற்றதைப் போலீஸ் பார்த்துக்கொள்ளும்.

நாகமலை நிலா:
குமார் அண்ணே, நான் உளவியல் ஆய்வு மாணவி. பேச்சால் பெரிய பயனில்லை என்று எங்கள் துறையே சொல்லிவிட்டது. இப்படிப்பட்ட தடுப்பு முயற்சிகளைப் பற்றிய, 1985 முதல் 2018 வரையிலான 295 ஆய்வுகளை ரோனி போராட், எலிசபெத் பாலக் குழுவினர் தொகுத்துப் பார்த்து 2024இல் வெளியிட்டார்கள். எண்ணம் மாறுகிறது, நடத்தை அந்த அளவுக்கு மாறுவதில்லை. ஆனால் போலீஸ் பார்த்துக்கொள்ளும் என்பது இடிக்கிறது. புகார் வந்தால்தானே பார்ப்பார்கள்? மேரி காஸ் என்ற உளவியலாளர் 1987இல் அமெரிக்காவின் 32 கல்லூரிகளில் எடுத்த கணக்கில், வன்புணர்வுக்கு ஆளான பெண்களில் போலீசுக்குப் போனவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்தான்.

மேலூர்ப் பாண்டி:
அமெரிக்காக்காரன் கணக்கு மதுரைக்கு எதற்கு? கடுமையான தண்டனை கொடுத்தால் தானாக அடங்குவான்.

நாகமலை நிலா:
சரி, நம் நாட்டுக் கணக்கே பாருங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கையில் 31,516 வன்புணர்வு வழக்குகள். மிகப் பெரும்பாலானவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவர். சொந்த மாமா மேல் எந்தப் பிள்ளை புகார் கொடுக்கும்? புகாரே வராமல் தண்டனை எங்கிருந்து வரும்?

உசிலை டீச்சர்:
நியூயார்க் நகரப் பள்ளிகளில் ஒன்று செய்தார்கள். மாணவர்களே பள்ளி வரைபடத்தில் பயமான இடங்களைக் குறித்தார்கள், ஆசிரியர்கள் அங்கே போய் நின்றார்கள். வகுப்புப் பாடம் மட்டும் நடத்திய பள்ளிகளில் பலன் இல்லை, இதைச் செய்த பள்ளிகளில் வன்முறை குறைந்தது. எங்கள் பிள்ளைகளிடம் வரைபடத்தைக் கொடுத்தால் சைக்கிள் ஸ்டாண்டையும் கழிப்பறைக்குப் போகும் சந்துப் பாதையையும்தான் முதலில் குறிக்கும். ஹெட்மாஸ்டர் கேமரா வைத்திருப்பதோ மெயின் கேட்டில்!

காளவாசல் குமார்:
டீச்சர், நான் சொன்ன விளக்கும் அதுதானே!

நாகமலை நிலா:
விடுதிப் பாதை என்று எந்த மாணவியைக் கேட்டு முடிவு செய்தீர்கள், அண்ணே? இன்னொன்று. கனடாவில் சார்லீன் சென் என்ற உளவியல் பேராசிரியர் முதலாண்டு மாணவிகளுக்குத் தலா மூன்று மணி நேரமாக நான்கு அமர்வு நடத்தினார். தெரிந்தவனிடமிருந்து வரும் ஆபத்தைக் கண்டுகொள்வது, தயங்காமல் மறுப்பது, தற்காப்பு எல்லாம் உண்டு. 2015இல் வெளியான முடிவு: ஓராண்டில் வன்புணர்வுக்கு ஆளானவர்கள் பயிற்சி பெறாதவர்களில் 9.8 சதவீதம், பெற்றவர்களில் 5.2.

கோரிப்பாளையம் ரஹ்மத்:
அதாவது, என் மகள் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்து படிக்க வேண்டும். பையன் கேன்டீனில் டீ குடிப்பான். நன்றாயிருக்கிறது ஆராய்ச்சி.

நாகமலை நிலா:
அக்கா, கோபம் நியாயம்தான். சென் கூட, தவறு செய்தவன்தான் பொறுப்பு என்று பாடத்திலேயே சொல்கிறார். ஆண்களுக்கான பயிற்சியில் இவ்வளவு உறுதியான முடிவு கிடைக்கவில்லை. அதற்காக, கையில் இருப்பதையும் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் இருப்பதா?

கோரிப்பாளையம் ரஹ்மத்:
கொடுங்கள். பையன்களுக்கு முடிவு கிடைக்கும்வரை ஆராய்ச்சியை விடாதீர்கள். அதுவரை பாதுகாப்புப் பயிற்சி என்று நோட்டீஸ் அடித்துப் பெண்களை மட்டும் கூப்பிட்டால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

காளவாசல் குமார்:
வரைபட யோசனையை ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் வைக்கிறேன். நான்கு அமர்வுக்கெல்லாம் நிர்வாகம் ஹால் தராது. பேச்சாளர் வந்தால் மட்டும் மாலை, பொன்னாடையோடு தரும்.