மண்ணில்லாத் தொட்டியில் இயற்கை உரம்: உங்கள் அனுபவம் என்ன?

மதுரை, மாடியில் கீரை வளர்ப்பவர்

ஹைட்ரோபோனிக்ஸ், அதாவது மண்ணில்லாமல் தண்ணீரில் செடி வளர்ப்பது என்றாலே ஏ, பி என்று இரண்டு பாட்டில் ரசாயன உரம் வாங்கிக் கலக்க வேண்டும் என்பது எழுதப்படாத சட்டமாகிவிட்டது. அதற்குப் பதிலாகப் புண்ணாக்கு, மண்புழு உரம் என்று போய்விடலாமா என்று பலரும் கேட்கிறார்கள். போகலாம். என் மாடியில் பாலக்கும் புதினாவும் அப்படித்தான் வளர்கின்றன. ஆனால் இந்த பாட்டிலுக்குப் பதில் அந்த பாட்டில் என்று நினைத்து இறங்காதீர்கள்.

வேர் தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, பெரும்பாலும் நைட்ரேட்டாகவும், கொஞ்சம் அம்மோனியமாகவும் எடுத்துக்கொள்கிறது. புண்ணாக்கிலும், மீனை நொதிக்கவைத்துச் செய்யும் மீன் அமிலத்திலும் இருப்பதோ புரதமும் அமினோ அமிலங்களும். மண்ணில் அதை உடைத்துக் கொடுக்க நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் காத்திருக்கின்றன. குழாய்த் தண்ணீரில் யார் இருக்கிறார்கள்? ஊற்றியது அழுகும், தண்ணீரிலுள்ள பிராணவாயு தீரும், வேர் பழுப்பாகி வழவழக்கும்.

எனவே முதலில் வளர்க்க வேண்டியது பாக்டீரியாவை, செடி அப்புறம்தான். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட முறையும் இதுதான்: தண்ணீரில் கொஞ்சம் மக்கிய மரப்பட்டை உரத்தைப் போட்டு, காற்றைச் செலுத்தி, மீன் உரத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, நைட்ரேட் உருவான பிறகு செடியை வைப்பது.

நான் 20 லிட்டர் வாளியில் ஒரு கைப்பிடி மண்புழு உரத்தைப் பழைய வேட்டித் துணியில் மூட்டையாகக் கட்டித் தொங்கவிடுகிறேன். அடியில் மீன் தொட்டிக்கு வைக்கும் காற்று மோட்டாரின் கல். கடலைப் புண்ணாக்கு ஊறவைத்துத் தெளிந்த நீரை அன்றாடம் கொஞ்சமாக விடுகிறேன். தொடக்கத்தில் நாற்றமும் நுரையும் இருக்கும். மாடிக்கு வரும் உறவினர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். பிறகு நாற்றம் அடங்கும். அப்போதும் மூக்கை நம்பாமல் மீன் வளர்ப்போர் வாங்கும் சொட்டு மருந்துச் சோதனையைச் செய்துவிடுங்கள். அம்மோனியா இருந்தால் சோதனைக் குழாயில் பச்சை ஏறும், இல்லையென்றால் மஞ்சளாகவே நிற்கும். நைட்ரேட் இருந்தால் ஆரஞ்சிலிருந்து சிவப்புக்குப் போகும். முதல் குழாய் மஞ்சளாகவும் இரண்டாவது சிவப்பாகவும் நின்றால் நாற்றை இறக்கலாம்.

வெல்லம் போட்டுச் செய்த மீன் அமிலத்தை இந்த வாளிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். சர்க்கரை கிடைத்ததும் வேறு பாக்டீரியாக்கள் பல்கி, தழைச்சத்தைத் தங்கள் உடம்புக்கே எடுத்துக்கொள்ளும், செடிக்கு மிஞ்சாது.

சென்னை, பால்கனித் தோட்டம்

பஞ்சகவ்யத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடியிருப்பில் ஒருவர் அதைக் குழாய்த் தோட்டத்துத் தொட்டியில் ஊற்றினார். பால், தயிர், நெய், சாணம், கோமியம் எல்லாம் சேர்ந்தது அல்லவா? குழாயின் உள்சுவரில் விரலால் வழித்தெடுக்கும் அளவுக்குப் படலம் படிந்திருந்தது. கீழ்வீட்டுக்காரர்கள் சங்கத்தில் புகார் கொடுத்தார்கள், அது தனிக்கதை. பஞ்சகவ்யம் நல்ல மருந்துதான், ஆனால் இடம் இலை. மூன்று சதவீதக் கரைசலாக, அதாவது 100 லிட்டர் தண்ணீருக்கு 3 லிட்டர் கலந்து, வடிகட்டித் தெளித்தால் போதும்.

சொட்டுநீர்க் குழாயும் இந்த முறைக்கு ஒத்துவராது. நுண்துளை சீக்கிரமே அடைத்துக்கொள்கிறது. நான் அகலமான தொட்டியில் தெர்மாகோல் பலகையை மிதக்கவிட்டு, அதில் துளையிட்டுச் செடி வைக்கிறேன்.

ஈரோடு, மீனும் கீரையும்

மதுரை அண்ணன் வாளியில் செய்வதை எங்கள் தோட்டத்தில் திலேப்பியா செய்கிறது. மீனுக்குத் தீனி, மீன் கழிவில் அம்மோனியா, அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக்க, இன்னொரு வகை நைட்ரேட்டாக்குகிறது. அவை குடியிருப்பது ஜல்லிப் படுகையில். யாராவது சுத்தம் செய்கிறேன் என்று அந்த ஜல்லியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினால் எல்லாம் முதலிலிருந்துதான். குளோரின் கலந்த குடிநீரையும் அப்படியே விடாதீர்கள்.

தழைச்சத்துக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் வருவது இரும்பு, சாம்பல் சத்து, சுண்ணாம்புச் சத்து மூன்றுக்கும். புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்பு போதவில்லை. கீரைக்குச் சமாளித்துவிடலாம். தக்காளி காய்க்கத் தொடங்கினால் இந்தக் குறை பளிச்சென்று தெரியும். என்னைக் கேட்டால், இயற்கை உரத்தை மட்டும் வைத்துத் தொடங்குபவர்கள் பழப்பயிர்ப் பக்கம் போகவே வேண்டாம்.

ஜெர்மனியிலிருந்து ஒரு வாசகி

விற்க நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. இங்கே எவ்வளவு தூய இயற்கை உரத்தில் வளர்த்தாலும், மண்ணில்லாமல் வளர்ந்த தக்காளிக்கு ஐரோப்பிய இயற்கை வேளாண் முத்திரை கிடைக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018/848 ஒழுங்குவிதி, பயிர் உயிருள்ள மண்ணில் வேரூன்ற வேண்டும் என்கிறது. அமெரிக்காவில் நிலைமை வேறு. 2017 நவம்பரில் அங்கே தேசிய இயற்கை வேளாண் தர வாரியத்தில் ஹைட்ரோபோனிக்ஸைத் தடை செய்யும் தீர்மானம் 8-க்கு 7 என்ற வாக்கில் தோற்றது. ஒரே ஒரு ஓட்டு! மண் விவசாயிகள் நீதிமன்றம் வரை போயும் மாறவில்லை. என் மனம் ஐரோப்பா பக்கம்தான். உரம் மட்டுமா இயற்கை விவசாயம்? மண்ணை வளமாக்குவதும் அதில் சேர்த்தி இல்லையா?

மதுரை, மாடியில் கீரை வளர்ப்பவர்

அக்கா கேட்பது நியாயம்தான். ஆனால் மாடியில் மண்ணை ஏற்றப் பயப்படும் வீட்டுக்காரரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? என் கீரை என் வீட்டுக்கு, முத்திரை வேண்டாம்.

பி.எச்., அதாவது தண்ணீரின் அமில, கார அளவு பற்றித் தனியாகக் கேட்டவர்களுக்கு: நூல்களில் செடிக்கு 5.5 முதல் 6.5 வரை என்று இருக்கும். நைட்ரேட் ஆக்கும் பாக்டீரியாவுக்கோ 7-க்கு மேல் பிடிக்கும். நான் 6.5-க்கும் 7-க்கும் நடுவில் வைத்து இரண்டு தரப்பையும் சமாளிக்கிறேன். எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடினமானது, காரத்தன்மையும் உண்டு. பாக்டீரியா வேலை செய்யும்போது உண்டாகும் அமிலம் அந்தக் காரத்தைத் தானே கொஞ்சம் தின்றுவிடுகிறது.

டி.டி.எஸ். மீட்டரைப் பார்த்து உரம் கூட்டாதீர்கள். அது கரைந்த உப்பை மட்டுமே காட்டும், இன்னும் உடையாத புரதத்தைக் காட்டாது. எண் குறைவாக இருக்கிறதே என்று ஊற்றிக்கொண்டே போனால், எல்லாம் ஒரே நேரத்தில் அழுகி நிற்கும். சித்திரை வெயிலில் இன்னும் மோசம். 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் பிராணவாயு கரையும் என்றால், 30 டிகிரியில் ஏழரைதான். அந்த மாதங்களில் நான் உரத்தைப் பாதியாக்கி, தொட்டியைச் சாக்கால் சுற்றி, காற்றுக் கல்லை இரண்டாக்கிவிடுகிறேன். மின்வெட்டு உள்ள ஊர்க்காரர்கள் பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.