பிளேனர்-திக்னஸர்: நீள மேசையா, சுருள் கட்டரா?

வீட்டு மரப் பட்டறைக்கு, பலகையின் முகத்தைத் தட்டையாக்கும் பிளேனரும் கனத்தைச் சீராக்கும் திக்னஸரும் சேர்ந்த பிளேனர்-திக்னஸர் ஒன்று வாங்க வேண்டும். மாதக்கணக்கில் பார்த்தும் முடிவுக்கு வர முடியவில்லை. தனித்தனி மெஷின் போட இடம் இல்லை. மின்சாரம் சிங்கிள் பேஸ்.

இப்போது இருப்பது சிறிய திக்னஸர் மட்டும். முறுக்கிய பலகையை உள்ளே விட்டால் உருளைகள் அதை அழுத்திப் பிடிக்கின்றன. வெளியே வந்ததும் பலகை பழையபடி முறுக்கிக்கொள்கிறது. கனம் சீராகிறது, முறுக்கு போவதில்லை. தட்டையான பிளைவுட் மேல் பலகையை வைத்து, ஆடும் மூலைகளுக்கு ஆப்பு கொடுத்து, சூட்டுப் பசையால் ஒட்டி அனுப்பிப் பார்த்தேன். நன்றாகவே வருகிறது, ஆனால் ஒரு மேசைக்கான பலகைகளை முடிப்பதற்குள் பொழுது போய்விடுகிறது. இழைப்புளியால் சமன் செய்தும் பார்த்தேன். அகலப் பலகைக்குத் தோள் தாங்கவில்லை.

பலகைகள் 1.8 மீட்டர் நீளம், 200 மி.மீ. அகலம் வரை வரும். பெரும்பாலும் நார் மாறி மாறி ஓடும் கடின மரம். 250 மி.மீ. அகலம் வரை இழைக்கும் மெஷின் போதும். சலித்துச் சலித்து இரண்டில் வந்து நிற்கிறேன். ஒன்றில், பலகையை வைத்துத் தள்ளும் வார்ப்பிரும்பு மேசை 1.4 மீட்டர், நேர் பிளேடுகள். இன்னொன்றில் மேசை ஒரு மீட்டர்தான், ஆனால் சுருள் கட்டர், அதாவது கார்பைடு என்ற கடினப் பொருளாலான சிறு வெட்டுத் துண்டுகளைச் சுருளாகப் பதித்த உருளை. முன்னதில் நீளப் பலகை நேராக வரும். பின்னதில் நார் பிய்வது குறையும், சத்தமும் குறைவு, ஒரு துண்டு மழுங்கினால் திருப்பி வைத்தால் சரி.

இப்படிப்பட்ட மெஷினில் வேலை செய்பவர்கள் சொல்லுங்கள்: இந்த நீளத்துக்கும் இந்த மரத்துக்கும் எதை விட்டுக்கொடுக்கலாம், மேசை நீளத்தையா, சுருள் கட்டரையா?