மறுமொழி: ‘ரஃப் கன்சென்சஸ்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினர்க்கு வணக்கம்.

தரநிலைகள் பற்றிய அத்தியாயம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பு முடிவெடுக்கும் முறையின் பெயர் ‘ரஃப் கன்சென்சஸ்’; அதற்குள் இதற்குத் தமிழ்ச் சொல் வேண்டும்.

> ‘ஒருமித்த கருத்து’ போதுமே, எல்லாருக்கும் புரியும்.

தவறாகப் புரியும். இந்த முறையை விளக்கி 2014இல் வந்த ஐஇடிஎஃப் ஆவணமான ஆர்எஃப்சி 7282 கேட்பது வேறு: எந்த மறுப்பையும் பரிசீலிக்காமல் விடக்கூடாது, ஆனால் எல்லாவற்றுக்கும் இணங்கிப்போக வேண்டியதில்லை. தலை எண்ணுவதும் இல்லை என்பதால் ‘பெரும்பான்மை’யும் பொருந்தாது.

செயல்திறன் பற்றிய பத்திக்கு இந்த வேறுபாடுதான் உயிர். சி பிளஸ் பிளஸ் நிரல்மொழியில் உறுப்புகளை ஒன்றோடொன்று கோத்து வைக்கும் லிஸ்ட்டைப் பாருங்கள். அதில் எத்தனை உறுப்புகள் என்று ‘சைஸ்’ கேட்டவுடன் விடை வர வேண்டுமானால் எண்ணிக்கையைச் சேமித்து வைக்க வேண்டும். சேமித்தாலோ, ஒரு லிஸ்ட்டின் நடுத்துண்டை இன்னொன்றுக்கு மாற்றும் ‘ஸ்ப்ளைஸ்’ அந்தத் துண்டை ஒவ்வொன்றாக எண்ணியாக வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது. 2011 தரநிலை சைஸ் பக்கம் தீர்த்தது. ஏற்கெனவே தொகுத்த நிரல்களோடு பொருந்தாமல் போகும் என்பதால், ஜிசிசி என்ற தொகுப்பியின் நூலகம் 2015இல் வந்த 5ஆம் பதிப்பில்தான் அதற்கு மாறியது. ஸ்ப்ளைஸுக்காக வாதாடியவர் சொன்னதில் பிழையே இல்லை. அவர் நிரல் மெய்யாகவே மெதுவாகிறது. பிறகு எந்த அளவீட்டைக் காட்டி அவரை ஒத்துக்கொள்ள வைப்பது? அவர் ஒத்துக்கொள்ளாமலே தரநிலை நிற்கிறது என்பதை நம் சொல் மறைக்கக் கூடாது.

> ‘ஒருப்பாடு’ இருக்கையில் வேறு சொல் எதற்கு?

அழகான சொல்தான் ஐயா. ஆனால் அதில் எல்லார் மனமும் ஒன்றாகிவிடுகிறது. எனக்கு ‘இசைவு’ மேல். இசைதல் ஒலித்தலும் ஆகும், உடன்படுதலும் ஆகும்; ஐஇடிஎஃப் கூட்டங்களில் வாய்மூடி ‘ம்ம்’ என்று ஒலித்தே கருத்தை அறியும் வழக்கம் உண்டு. ‘ரஃப்’புக்கு, ஏறக்குறைய என்ற பொருளில், ‘பருமட்டு’ என்பது என் விருப்பம்.

> ‘பருமட்டு இசைவு’ வகுப்பில் எடுபடாது. ‘தோராயம்’ என்றே வையுங்கள்.

> தோராயத்துக்குத் தமிழ் வேர் காட்ட முடியுமா?

வேர் ஆராய்ச்சியை இன்னொரு இழையில் வைத்துக்கொள்வோம். என் விருப்பம் இன்னும் பருமட்டுதான். ஆனால் பாடம் நடத்தப்போகும் மூவரும் தோராயம் கேட்கிறார்கள். மாணவர் சொல்லிலேயே இடறினால் லிஸ்ட் எடுத்துக்காட்டு வரை வந்து சேரமாட்டார். ஆகவே நூலில் ‘தோராய இசைவு’. என் மறுப்பு பதிவில் இருக்கட்டும்.

ஸ்ப்ளைஸுக்கு இன்னும் சொல் அமையவில்லை. ‘பிணைத்தல்’ வேறு அத்தியாயத்தில் லிங்க்குக்குப் போய்விட்டது. வெள்ளிக்குள் தோன்றினால் எழுதுங்கள்.